பழைய சிசேரியன், 41 வாரம் நெருங்குது, வலி வரவில்லை: வலி வரவைக்கலாமா?

நிலாமுற்றம்

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்கு முடிவே வராது. அதனால் ஒரு மாதிரி கேஸை வைத்துக்கொள்வோம்.

வயது 28. மூன்றரை வருடத்துக்கு முன் முதல் பிரசவம், சிசேரியன். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்திருந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதால் எடுத்தார்கள். இப்போது 40 வாரம் 5 நாள். பிரஷர், சுகர் இல்லை. தலை கீழே இருக்கிறது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. வாய் ஒரு விரல் நுழையும் அளவு. அவருக்கு சுகப்பிரசவம் வேண்டும்.

மருத்துவமனையில் சொன்னது: "41 தாண்ட விடமாட்டோம். திங்கட்கிழமை அட்மிட் ஆகுங்க, ஜெல் வெச்சுப் பார்ப்போம், வரலேன்னா சிசேரியன்." வீட்டில் சொன்னது: "வலி ஊசி போட்டா தையல் பிரிஞ்சிடும், பேசாம ஆபரேஷனுக்குப் போயிடு." மாமியார் பஞ்சாங்கத்தோடு தயாராக இருக்கிறார்.

திங்கட்கிழமைக்குள் அவர் என்ன கேட்கவேண்டும், எதற்குச் சரி சொல்லலாம், எதற்கு வேண்டாம் என்று சொல்லலாம்? அனுபவக் கதை வேண்டாம். விவரம் மட்டும்.

கோதை_மகப்பேறு

வலி வரவைப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தேதியைப் பார்க்கணும். 40 வாரம் 5 நாள் என்பது கடைசி மாதவிடாய்க் கணக்கா, ஸ்கேன் கணக்கா? மாதவிடாய் 35, 40 நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்கு மாதவிடாய்க் கணக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டு ஓடும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து சொன்ன தேதிதான் நம்பத்தக்கது. 14 வாரத்துக்குப் பிறகு ஸ்கேன் ரிப்போர்ட்டில் மாறி மாறி வரும் தேதிகளை வைத்து டியூ டேட்டை நகர்த்தக்கூடாது. பல "41 வாரம்" இந்த ஒரு சரிபார்ப்பிலேயே 40 ஆகிவிடும்.

அடுத்தது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்கே இருப்பதால் கர்ப்பப்பையிலும் குறுக்கேதான் வெட்டியிருப்பார்கள் என்று அர்த்தமில்லை. "எல்.எஸ்.சி.எஸ்." என்று இருந்தால் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு. நீளவாக்கு வெட்டு, தலைகீழ் டி வடிவ வெட்டு, முன்பே தையல் விட்ட (கர்ப்பப்பையின் பழைய தழும்பு பிரசவத்தில் கிழிந்த) வரலாறு, நஞ்சு வாயை மூடியிருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சுகப்பிரசவ முயற்சியே கிடையாது, அப்புறம் இண்டக்ஷன் (வலி வரவைப்பது) எங்கே. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) எடுத்தபோது கர்ப்பப்பையின் உள்ளறை வரை திறந்திருந்தாலும் அப்படித்தான்.

மூன்றாவது காரணம். பிரஷர் ஏறியிருக்கு, வளர்ச்சி குறைந்திருக்கு, இன்சுலின் போடும் சர்க்கரை, பனிக்குடம் உடைந்து மணிக்கணக்காகியும் வலி இல்லை: இவை உண்மையான காரணங்கள். 41 வாரமும் காரணம்தான். ஆனால் "தண்ணி கொஞ்சம் கம்மி" என்று சொல்லி ஏ.எஃப்.ஐ. (பனிக்குட நீர் அளவு) 8 என்று ரிப்போர்ட் கொடுத்தால் அது காரணமில்லை, 5-க்கு மேல் இருந்தால் போதும். "கொடி கழுத்துல சுத்தியிருக்கு" என்பதும் காரணமில்லை. "குழந்தை 3.8 கிலோ" என்று ஸ்கேன் சொல்வதில் 10 முதல் 15 சதவீதம் முன்னேபின்னே போகும்.

கணக்குப்பிள்ளை

தையல் விடும் எண்ணிக்கையைப் போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் ஆளாளுக்கு ஒரு சதவீதம் சொல்வார்கள்.

2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்கத் தரவு, சுகப்பிரசவத்துக்கு முயன்ற 17,898 பேர். தானாக வலி வந்தவர்களில் தையல் விட்டது 0.4%. வந்த வலியை மருந்தால் கூட்டியவர்களில் 0.9%. வலி வரவைத்தவர்களில் 1.0%. அதை வழிமுறை வாரியாகப் பிரித்தால் ஆக்ஸிடோசின் (ட்ரிப்ஸில் ஏற்றும், வலியைக் கூட்டும் மருந்து) மட்டும் 1.1%, வாயைத் திறக்கும் பலூன் போன்ற கருவிகள் 0.9%, புரோஸ்டாகிளாண்டின் (வாயைப் பழுக்கவைக்கும் மருந்து, தனியாகவோ ஆக்ஸிடோசினோடு சேர்ந்தோ) 1.4%.

2001இல் அதே இதழில் வாஷிங்டன் மாநிலத் தரவு வந்தது, 20,095 பேர். அதில் புரோஸ்டாகிளாண்டினுக்கு ஆயிரத்துக்கு 24.5 என்று வந்ததுதான் ஊரெல்லாம் பயத்தைக் கிளப்பியது. புரோஸ்டாகிளாண்டின் இல்லாத இண்டக்ஷனுக்கு 7.7, தானாக வந்த வலிக்கு 5.2, வலியே வராமல் சிசேரியன் ஆனவர்களுக்கு 1.6. அந்த ஆய்வு மருத்துவமனைக் குறியீடுகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்து எடுத்தது. எந்த மருந்து, எவ்வளவு என்று பிரிக்கவில்லை. அதனால் 24.5ஐ இன்றைய ஜெல்லுக்கு அப்படியே ஒட்டவைப்பது சரியில்லை. ஒதுக்கித் தள்ளுவதும் சரியில்லை.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் ராயல் கல்லூரி 2015இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: முயற்சி செய்பவர்களில் 200இல் ஒருவர், வலி வரவைத்தாலோ கூட்டினாலோ அது இரண்டு மூன்று மடங்கு, சிசேரியனில் முடியும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

சும்மா_படிக்கிறவன்

அப்போ நூற்றில் ஒருத்தருக்குத் தையல் விடும். மீதி 99 பேருக்கு ஒன்றும் இல்லை. இதுக்கா இவ்வளவு பயம்?

கணக்குப்பிள்ளை

அந்த ஒருவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் 2010 அறிக்கைப்படி, தையல் விட்டவர்களில் ஏறத்தாழ 6% பேருக்குக் குழந்தை இறக்கிறது. 14 முதல் 33% பேருக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வருகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொன்னால், கேட்பவர் ஒன்று அலட்சியமாவார், இல்லை நடுங்குவார்.

இன்னொன்று, இது பெரும்பாலானவர்கள் தவறவிடுவது. "வலி வரவைத்தால் 1%, தானாக வந்தால் 0.4%" என்ற ஒப்பீடு 40 வாரம் 5 நாளில் நிற்பவருக்குப் பொருந்தாது. தானாக வலி வருவது அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது இப்போதே வரவைப்பது, காத்திருப்பது, சிசேரியன், இந்த மூன்றுதான். காத்திருந்தவர்களில் சிலருக்கு வலி வரும், சிலருக்குப் பிரஷர் ஏறும், சிலர் 42 வாரத்தில் எப்படியும் இண்டக்ஷனுக்கே வருவார்கள். அப்படி ஒப்பிட்டு 2015இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 39 வாரத்தில் வரவைத்தவர்களில் 73.8% பேருக்கு சுகப்பிரசவம், காத்திருந்தவர்களில் 61.3%. ஆனால் தையல் விட்டது 1.4%, காத்திருந்தவர்களில் 0.5%. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கமும் ஏறுகிறது.

2018இன் அரைவ் ஆய்வை இங்கே யாரும் கொண்டுவர வேண்டாம். "39இல் வரவைத்தால் சிசேரியன் குறையும்" என்று சொன்னது அதுதான். அதில் இருந்தவர்கள் எல்லோரும் முதல் பிரசவம்.

தேம்ஸ்கரை

லண்டனில இருந்து எழுதுறன். இங்க 36 கிழமையளவிலயே இதைக் கதைச்சு நோட்ஸில எழுதி வைப்பம்: நாள் தள்ளிப்போனா என்ன செய்யிறது, தண்ணி உடைஞ்சு நோ வராட்டி என்ன செய்யிறது எண்டு. 40 தாண்டி அவசரத்தில முடிவெடுக்க வைக்கிறது சரியில்லை.

இந்த ஆளுக்கு முதல்ல செய்ய வேண்டியது ஸ்வீப். வாய் ஒரு விரல் போற அளவு எண்டா செய்யலாம். விரலை உள்ள விட்டு, பனிக்குடப் பையைக் கர்ப்பப்பையின்ர கீழ்ச் சுவரில இருந்து வட்டமாச் சுத்தி விலக்கிறது, அவ்வளவுதான். மருந்து இல்லை. உடம்பே புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கும். செய்யேக்க நோகும், பிறகு ஒரு நாள் கொஞ்சம் ரத்தக்கசிவும் இழுத்துப் பிடிக்கிற நோவும் இருக்கும். எல்லாருக்கும் வேலை செய்யாது, ஆனா மருந்தால இண்டக்ஷன் செய்யிற தேவையைக் குறைக்கும். நஞ்சு கீழ இருந்தாச் செய்யக்கூடாது.

முக்கியம்: கேட்டுட்டுத்தான் செய்யோணும். உள்பரிசோதனை எண்டு சொல்லிப்போட்டு ஸ்வீப்பும் செய்துவிடுறது எல்லா ஊரிலயும் நடக்குது.

வார்டு7_செவிலி

நம்ம ஊர்லயும் அதேதான். 😐

பிஷப் ஸ்கோர் என்னன்னு யாரும் கேக்கலையே? வாய் எவ்ளோ திறந்திருக்கு, எவ்ளோ மெலிஞ்சிருக்கு, தலை எந்த மட்டத்துல, வாய் கெட்டியா மெத்துனு இருக்கா, பின்னாடி பாத்திருக்கா முன்னாடியா. அஞ்சையும் கூட்டினா 13-க்கு எவ்ளோன்னு வரும். இந்த கேஸ்ல ஒரு விரல்னா 1, பாதி மெலிஞ்சிருந்தா 1, தலை மைனஸ் 2-ல இருந்தா 1, ரெண்டுங்கெட்டான் கெட்டினா 1, பின்னாடி பாத்திருந்தா 0. மொத்தம் 4. 6 வரைக்கும் பழுக்கல, 8-க்கு மேல பழுத்தாச்சு. 4-ல நேரா ட்ரிப்ஸ் போட்டா பகல் முழுக்க வலி மட்டும் இருக்கும், வாய் திறக்காது. ராத்திரி "இறங்கல" னு தியேட்டர். அதை "வலி வெச்சுப் பார்த்தோம், வரல" னு எழுதுவாங்க. பழுக்காத வாய்க்கு ட்ரிப்ஸ் போட்டது தப்பு, உடம்பு மேல குத்தம் இல்ல.

நிலாமுற்றம்

அப்படியென்றால் 4-ஐ 8 ஆக்க என்ன வழி? ஜெல் என்கிறார்கள்.

கோதை_மகப்பேறு

"ஜெல்" என்றால் பெரும்பாலும் டைனோபுரோஸ்டோன், 0.5 மி.கி., ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் சிரிஞ்சு. "மாத்திரை வைக்கிறோம்" என்றால் பெரும்பாலும் மிசோபுரோஸ்டால். பேரைக் கேட்பது அவசியம். மிசோபுரோஸ்டால் பழைய சிசேரியன் உள்ள நிறைமாதக் கர்ப்பத்தில் கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் 2019 வழிகாட்டி நேரடியாகவே சொல்கிறது. அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை, 25 மைக்ரோகிராம் என்றாலும்.

டைனோபுரோஸ்டோன் விஷயம் கொஞ்சம் வேறு. கணக்குப்பிள்ளை சொன்ன 2004 தரவில் புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போட்ட 227 பேரில் ஒருவருக்கும் தையல் விடவில்லை, ஆக்ஸிடோசின் சேர்ந்தபோதுதான் விட்டது. ஆனால் 227 சிறிய எண். ஜெல் வைத்தவர்களில் பலருக்கு அடுத்து ஆக்ஸிடோசின் தேவைப்படும் என்பதும் தெரிந்ததே. எனக்கு ஜெல்லில் உள்ள சங்கடம் இன்னும் எளிமையானது: வைத்த பிறகு எடுக்க முடியாது. வலி அளவுமீறிப் போனால் துடைத்தெடுப்பதெல்லாம் பேருக்குத்தான். பலூனை ஒரு நொடியில் நீரை இறக்கி எடுத்துவிடலாம், ட்ரிப்ஸை மூடிவிடலாம்.

அதனால் 4 ஸ்கோருக்கு என் தேர்வு ஃபோலி பலூன்.

தேம்ஸ்கரை

இங்கயும் பலூன் பக்கம்தான் சாயுது. கருவியால செய்யிறதில தையல் விடுற ஆபத்துக் குறைவு எண்டு ராயல் கல்லூரியும் சொல்லுது. சில இடங்களில கன்சல்டன்ட் ஒப்புதலோட டைனோபுரோஸ்டோன் குடுக்கினம். அதைப் பிழை எண்டு சொல்லமாட்டன், ஆனா ஆர் முடிவெடுத்தது எண்டு எழுதியிருக்கோணும்.

வார்டு7_செவிலி

பலூன் எப்படி வைக்கறாங்கன்னு சொல்லிடறேன், பயப்பட ஒண்ணுமில்ல.

மூத்திரத்துக்குப் போடற ஃபோலி ட்யூப்தான், 16 அல்லது 18 நம்பர். வைக்கறதுக்கு முன்னாடி 20 நிமிஷம் என்.எஸ்.டி. (குழந்தையோட இதயத்துடிப்பைப் பதியற சோதனை), நஞ்சு கீழ இல்லன்னு ஸ்கேன்ல பாத்திருக்கணும். ஸ்பெகுலம் வெச்சு வாயை பெட்டாடின்ல துடைச்சு, ஸ்பாஞ்ச் ஹோல்டிங் ஃபோர்செப்ஸ்ல ட்யூப் நுனியைப் பிடிச்சு உள்வாயைத் தாண்டி ஏத்தணும். அப்புறம் ஸ்டெரைல் சலைன் 30-லேருந்து 60 மி.லி. ஊதி, மெதுவா வெளிய இழுத்து உள்வாய்ல உக்கார வைக்கணும். ட்யூபைத் தொடையோட உள்பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டிடுவாங்க. மறுபடி 20 நிமிஷம் இதயத்துடிப்பு பாக்கணும்.

எங்க தப்பு நடக்கும்னா: பலூன் அளவு ட்யூப் மேலயே அச்சடிச்சிருக்கும். 5 மி.லி. பலூன்ல 50 ஊதினா வெடிக்கும். உள்வாயைத் தாண்டாம கால்வாய்லயே ஊதிட்டா உயிர் போற வலி, உடனே நீரை இறக்கி மேல ஏத்தணும். தலை மேலயே மிதக்குதுன்னா பலூன் தலையை இன்னும் தள்ளி விடும், அப்புறம் தண்ணி உடைஞ்சா கொடி கீழ வர வாய்ப்பு. வெச்சப்புறம் யூரின் போகலன்னா சொல்லணும், பொறுத்துக்கக் கூடாது. ஜுரம், கெட்ட வாடை, சிவப்பா ரத்தம் வந்தா எடுத்துடணும்.

12 மணி நேரத்துல பெரும்பாலும் தானா விழும், 24-க்கு மேல விடறதில்ல. விழுந்தா 3 செ.மீ. கிட்ட திறந்திருக்கும். ஆனா வலி வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. பலூன் வாயை மட்டும்தான் திறக்கும்.

பழைய தையல் இருக்கறவங்க பலூனோட வீட்டுக்குப் போகக் கூடாது, வார்டுலயே இருக்கணும்.

சும்மா_படிக்கிறவன்

அதுக்குப் பதிலா விளக்கெண்ணெய் குடிச்சா? ஊர்ல அதானே கொடுப்பாங்க.

வார்டு7_செவிலி

வேண்டாம். குடல் முறுக்கி வாந்தி, வயித்தால போகும், உடம்புல தண்ணி வத்தும், கர்ப்பப்பையும் தாறுமாறா சுருங்கலாம். வீட்ல இருக்கறப்ப அந்தச் சுருக்கத்தை யார் பாக்கறது? சூட்டு வலியா நெஜ வலியான்னு பாக்க சீரகத் தண்ணி குடிக்கறது வேற, அதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல.

கோதை_மகப்பேறு

பலூன் விழுந்த பிறகு: தலை நன்றாகப் பதிந்திருந்தால் பனிக்குடத்தை உடைப்பது. நீரின் நிறம் பார்ப்பது. பச்சையாக இருந்தால் திட்டத்தை மறுபரிசீலனை செய்யணும். உடைத்த உடனே ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பு கேட்கணும், கொடி வந்திருக்கிறதா என்று விரலால் பார்க்கணும்.

அதன் பிறகும் வலி கூடவில்லை என்றால் ஆக்ஸிடோசின். நிமிடத்துக்கு 1 அல்லது 2 மில்லி யூனிட்டில் தொடங்கி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை 1 முதல் 2 வரை ஏற்றி, 10 நிமிடத்தில் 3 அல்லது 4 வலி வந்தால் அங்கேயே நிறுத்தணும். 5, 6 செ.மீ. தாண்டி வலி தன்பாட்டுக்கு ஓடினால் குறைத்துப் பார்க்கலாம், பலருக்கு நிறுத்தவும் முடியும்.

மேல் வரம்பு 20 மில்லி யூனிட் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனவர்களில் தையல் விடும் வாய்ப்பு மருந்தே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2008 வாக்கில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 20-ல் வராத வலி 30-ல் வரும் என்று நம்புவதற்குக் காரணமும் குறைவு.

வார்டு7_செவிலி

டாக்டர் மில்லி யூனிட்ல சொல்வாங்க, கேஸ் ஷீட்ல "20 சொட்டு" ன்னு இருக்கும். அங்கதான் ஆபத்து. 500 மி.லி. ஆர்.எல். ட்ரிப்ஸ் பாட்டில்ல 5 யூனிட் கலந்தா ஒரு மி.லி.-ல 10 மில்லி யூனிட். ஒரு மி.லி.-க்கு 20 சொட்டு விழற ட்ரிப்ஸ் செட்ல (குழாய்ல) ஒரு சொட்டு அரை மில்லி யூனிட். 2 மில்லி யூனிட் வேணும்னா நிமிஷத்துக்கு 4 சொட்டு. 40 சொட்டுன்னா 20, அதான் எல்லை. அதே பாட்டில்ல 10 யூனிட் கலந்துட்டா 20 சொட்டுலயே எல்லைக்கு வந்துடுவீங்க.

கணக்குப்பிள்ளை

சின்னத் திருத்தம். செட்டின் உறையில் 15 சொட்டு என்றும் வருகிறது. அதில் 4 சொட்டு என்பது 2.7 மில்லி யூனிட். 60 சொட்டு மைக்ரோ செட்டில் 2 மில்லி யூனிட்டுக்கு 12 சொட்டு. பாட்டிலில் எத்தனை யூனிட், எந்த செட், இரண்டையும் எழுதாத "சொட்டு" ஆணைக்கு அர்த்தமே இல்லை.

வார்டு7_செவிலி

ஆமா, சரி. பம்ப் இருந்தா இந்தத் தலைவலியே இல்ல, மேல சொன்ன கலவைக்கு மணிக்கு 12 மி.லி.-ன்னு வெச்சா 2 மில்லி யூனிட், 120 வெச்சா 20. பம்ப் இல்லாத இடத்துல கையை மடக்கினா சொட்டு நிக்கும், நீட்டினா ஓடும். பழைய தையல் கேஸுக்குப் பம்ப் கேக்கறது நியாயமான கோரிக்கை.

இன்னொண்ணு. வாய் சீக்கிரம் திறக்கட்டும்னு எபிடோசின் ஊசி போடற பழக்கம் இருக்கு. அது அம்மாவோட நாடித்துடிப்பை ஏத்தும். தையல் விடறப்பவும் நாடி ஏறும். எது எதனாலன்னு அப்புறம் எப்படித் தெரியும்? பழைய தையல் கேஸ்ல அதைத் தவிர்க்கறது நல்லது.

மயக்கவியல்_இரவுப்பணி

எல்லோரும் மருந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

தையல் விட்டால் குழந்தைக்கு இருப்பது சில நிமிடங்கள். சுமார் 18 நிமிடத்துக்குள் எடுத்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன என்று ஆய்வுகளில் வருகிறது. வழக்கமாகச் சொல்லும் "30 நிமிடத்தில் சிசேரியன்" இங்கே போதாமல் போகலாம். எனவே திங்கட்கிழமை கேட்கவேண்டிய முதல் கேள்வி என்னைப் பொறுத்தவரை "ஜெல்லா பலூனா" அல்ல: இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, போன் போட்டால் வருவாரா?

சிறிய நர்சிங் ஹோம்களில் அவர் மூன்று நான்கு இடங்களுக்கு ஓடுகிறவர். "கூப்பிட்டா 20 நிமிஷத்துல வந்துடுவார்" என்றால் கத்தி வைக்க 35, 40 நிமிடம் என்று படியுங்கள். தியேட்டர் ஊழியர்களும் அப்படியே. ரத்தம் அங்கேயே இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் "இல்லை, வெளியே இருந்துதான்" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் வலி வரவைக்கக்கூடாது. பலூன் எவ்வளவு பாதுகாப்பானது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. தமிழ்நாட்டில் அரசு சீமாங்க் மையங்கள் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையங்கள்) இந்த ஏற்பாட்டுக்காகவே உள்ளவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருந்தால் 36 வாரத்திலேயே மாற்றுக் கடிதம் வாங்கிவிடலாம்.

தயாரிப்பு: கையில் 18 அல்லது 16 கேஜ் ஊசி (பச்சை அல்லது சாம்பல் நிறம், இளஞ்சிவப்பு போதாது), ரத்தப் பிரிவு பார்த்து ரத்தம் ஒதுக்கிவைத்திருப்பது, ஹீமோகுளோபின் அன்றைய தேதிக்கு. குடிக்கத் தண்ணீர், பால் விடாத டீ போன்ற தெளிந்தவை போதும், இட்லி வேண்டாம்.

எபிடூரல் (முதுகில் குழாய் வைத்து வலியை மரக்கவைப்பது) போட்டால் தையல் விடும் வலி தெரியாமல் போகும் என்று மறுக்கிறார்கள். தவறு. குறைந்த அளவு மருந்தில் அந்த வலி ஊடுருவி வரும். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த எபிடூரலுக்கு மேல் திடீரென்று கூடுதல் டோஸ் கேட்டால், டோஸ் கொடுப்பதற்கு முன் தையலைச் சந்தேகிக்க வேண்டும். அவசரத்தில் அந்தக் குழாய் வழியாகவே சிசேரியனுக்கு மருந்து ஏற்றலாம் என்பது கூடுதல் லாபம்.

நிலாமுற்றம்

தையல் விடுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? வயிற்றை அழுத்தி "இங்க வலிக்குதா" என்று கேட்பார்களே.

தேம்ஸ்கரை

அழுத்திப் பாத்தா எல்லாருக்கும்தான் நோகும். அதை மட்டும் வச்சு முடிவெடுத்தா தேவையில்லாத சிசேரியன்தான் கூடும்.

அதிகமா முதல்ல தெரியிறது குழந்தையின்ர இதயத்துடிப்பில. தையல் விட்ட ஆக்களில மூண்டில ரெண்டு பங்குக்கு மேல சி.டி.ஜி. (குழந்தையின்ர துடிப்பையும் நோவையும் விடாமப் பதியிறது) மாறியிருக்கும். அதாலதான் நோ ஒழுங்கா வரத் தொடங்கினதில இருந்து விடாமல் சி.டி.ஜி. ஓடோணும், அரை மணிக்கு ஒருக்கா கேக்கிறது காணாது. மற்றது: ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் நடுவில விடாம நிக்கிற நோ, தோள்மூட்டு நோ, சிவப்பு ரத்தம், மூத்திரத்தில ரத்தம், நல்லா வந்துகொண்டிருந்த நோ திடீரெண்டு நிண்டுபோறது, இறங்கின தலை மேல ஏறிப்போறது, நாடி ஏறி பிரஷர் இறங்கிறது. எல்லாம் சேர்ந்து வரும் எண்டு காத்திருக்கக் கூடாது.

கோதை_மகப்பேறு

வலி 10 நிமிடத்தில் 5-க்கு மேல் போனால் ட்ரிப்ஸை நிறுத்தி, இடதுபக்கம் படுக்கவைத்து, தேவைப்பட்டால் டெர்பூட்டலின் (கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்து) 0.25 மி.கி. தோலுக்கடியில். "கொஞ்சம் குறைச்சு வைங்க" என்பது போதாது.

ஸ்கேனில் "தையல் 2 மி.மீ.தான், மெலிசா இருக்கு" என்று சொல்லி முயற்சியையே ரத்து செய்வது பற்றியும் கேட்பார்கள். மெல்லிய சுவருக்கும் தையல் விடுவதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் இந்த அளவுக்குக் கீழே ஆபத்து, மேலே பாதுகாப்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பு கிடையாது. அளக்கும் கை மாறினால் எண்ணும் மாறும்.

மயக்கவியல்_இரவுப்பணி

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. ஸ்கோர் 4, இதுவரை ஒரு சுகப்பிரசவம்கூட இல்லை, முதல்முறையே குழந்தை தாங்கவில்லை. இவருக்கு 41-இல் திட்டமிட்ட சிசேரியன் செய்வதில் என்ன தவறு? இரண்டு நாள் இழுத்து, களைத்து, கடைசியில் நள்ளிரவு அவசர சிசேரியன் என்பது எல்லாவற்றிலும் மோசமான வழி. அதில்தான் தொற்றும் ரத்தப்போக்கும் அதிகம்.

கோதை_மகப்பேறு

தவறே இல்லை, அவருடைய விருப்பம் அதுவாக இருந்தால். கடைசியில் சொன்னீர்களே, அது முழு உண்மை.

ஆனால் முதல் சிசேரியன் எதற்கு என்பதைப் பார்க்கணும். ராயல் கல்லூரியின் கணக்கில் மொத்தமாக 72 முதல் 75% பேருக்கு வெற்றி. குழந்தை திரும்பியிருந்ததால் சிசேரியன் ஆனவர்களுக்கு 84%, இதயத்துடிப்புக்காக ஆனவர்களுக்கு 73%, பிரசவம் முன்னேறாமல் நின்றவர்களுக்கு 64%. ஏற்கனவே ஒரு சுகப்பிரசவம் இருந்தால் 85 முதல் 90%. இவர் நடுவில் இருக்கிறார். பழுக்காத வாயும் இண்டக்ஷனும் அந்த 73-ஐ இறக்கும், பாதிக்கும் மேல் என்று சொல்லலாம், அதற்குமேல் துல்லியம் காட்டினால் ஏமாற்றுவேலை.

அடுத்தது, இன்னும் எத்தனை குழந்தை என்ற கேள்வி. இதோடு போதும் என்றால் இரண்டாவது சிசேரியனின் விலை குறைவு. மூன்றாவது வேண்டும் என்றால் கதை வேறு: நஞ்சு கீழே அமைந்தால் அது கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விடும் வாய்ப்பு முதல் சிசேரியனில் 3%, இரண்டாவதில் 11%, மூன்றாவதில் 40% என்று 2006 அமெரிக்கத் தரவு.

தேம்ஸ்கரை

இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கிற வழியை எப்பிடிச் செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. தாயும் பிள்ளையும் சுகமா இருந்தா, 40+5-இல ஸ்வீப், 41-இல இன்னொரு ஸ்வீப், 41 தொடக்கம் கிழமைக்கு ரெண்டு தரம் என்.எஸ்.டி.யும் தண்ணியளவும் (ஆழமான பொக்கெட் 2 செ.மீ.க்குக் குறையக்கூடாது), அசைவு குறைஞ்சா அண்டைக்கே வரோணும். 41+3 போல ஒரு நாளை முதலே குறிச்சு வச்சு, அதுக்கிடையில நோ வராட்டி பலூனோ சிசேரியனோ எண்டு அவவே சொல்லட்டும். 42-ஐத் தாண்ட விடச் சொல்லேல்லை.

கோதை_மகப்பேறு

எனக்கு இதில் முழு உடன்பாடு. திங்கட்கிழமை அவர் சொல்லக்கூடியது: "ஸ்வீப் செய்யுங்கள். ஜெல், மாத்திரை வேண்டாம். பலூன் என்றால் சரி, 24 மணி நேரம் வரை. பனிக்குடம் உடைக்க முடியாத நிலையில் வாய் இருந்தால் அங்கேயே நிறுத்தி சிசேரியன். உடைத்து ட்ரிப்ஸ் ஓடினால் 20 மில்லி யூனிட்டுக்கு மேல் வேண்டாம். வலி நன்றாக வந்தும் 4 மணி நேரம் வாய் திறக்கவில்லை என்றால் மேலே இழுக்க வேண்டாம்." இதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லணும். ஷிஃப்ட் மாறினால் வாய்வார்த்தை மாறிவிடும்.

ஒப்புதல் படிவத்தில் "வி.பி.ஏ.சி. (சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம்) முயற்சிக்குச் சம்மதம்" என்று மட்டும் இருந்தால் அது இண்டக்ஷனுக்கான சம்மதம் ஆகாது. இரண்டும் தனித்தனி.

வார்டு7_செவிலி

பஞ்சாங்கத்தைப் பத்தி: பலூன் வைக்கற நேரத்தை வேணா நல்ல நேரம் பாத்துக்கலாம். பிறக்கற நேரத்தைக் குழந்தைதான் முடிவு பண்ணும்னு மாமியார்கிட்ட சொல்லிடுங்க. திங்கள் காலைல 7:30-லேருந்து 9 ராகுகாலம், 9-க்கு மேல அட்மிஷன் போட்டா எங்களுக்கும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வர வசதி. 😄

சும்மா_படிக்கிறவன்

கடைசியா ஒண்ணு. சுகப்பிரசவம் ஆனப்புறம் உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பாங்கன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?

கோதை_மகப்பேறு

முன்பு எல்லோருக்கும் செய்தார்கள். இப்போது தேவையில்லை. வலியும் தொற்றும்தான் மிச்சம். அறிகுறி எதுவும் இல்லாமல் உள்ளே சிறிதாக விட்டிருந்தாலும் அதற்கு வைத்தியம் தேவைப்படாது. நஞ்சு வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் ஒழுகுகிறது, பிரஷர் இறங்குகிறது என்றால் அப்போது மட்டும், மயக்க மருந்தோடு, தியேட்டரில்.